'கடைசி சாமுராய்' படத்தில் இல்லாத பாடசாலை



போன கிழமை பதினோராம் தரத்துப் பிள்ளை ஒருவன் பாடம் முடிந்ததும் வந்து கேட்டான். "சேர், 'த லாஸ்ட் சாமுராய்' படம் பார்த்தீங்களா? துவக்கு வச்சிருந்தவன்தான் வென்றான். ஆனா வாள் வச்சிருந்தவன்தானே நல்லவன்?"

2003இல் வந்த படம். டொம் க்ரூஸ், கென் வட்டானபே நடித்தது. துவக்கைத் தொட மறுத்த சாமுராய்கள் குதிரையில் பாய்ந்து சென்று இயந்திரத் துவக்குகளின் முன் விழும் கடைசிக் காட்சியில் நானும் கண் கலங்கியவன்தான். ஆனால் உண்மையில் நடந்தது வேறு மாதிரி.

அந்தப் படத்தின் சாமுராய்த் தலைவனுக்கு அடிப்படையாக இருந்தவர் சைகோ தகமோரி. அவர் நவீன மாற்றத்தின் எதிரியல்ல. 1868இல் ஷோகன் ஆட்சியைக் கவிழ்த்து மெய்ஜி அரசை உருவாக்கியவர்களில் ஒருவர். 1873இல் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் வந்தபோது அரசின் உயர்பீடத்தில் இருந்தவர். அதே ஆண்டு கொரியா விவகாரத்தில் மற்றவர்களோடு முரண்பட்டு, பதவியை விட்டுத் தன் ஊரான ககோஷிமாவுக்குத் திரும்பினார்.

அங்கே 1874இல் சாமுராய் இளைஞர்களுக்காகப் பாடசாலைகள் தொடங்கப்பட்டன. பழைய சீன நூல்களும் படிப்பித்தார்கள், பீரங்கிப் பயிற்சியும் கொடுத்தார்கள்.

1876இல் இரண்டு அடிகள் விழுந்தன. பொது இடங்களில் வாள் அணிவது தடையானது. சாமுராய்களின் பரம்பரைக் கொடுப்பனவு நிறுத்தப்பட்டு, கையில் கடன் பத்திரம் கொடுக்கப்பட்டது. வாள் போனது மானப் பிரச்சினை. கொடுப்பனவு போனது சோற்றுப் பிரச்சினை.

1877 ஜனவரியில், ககோஷிமாவில் இருந்த ஆயுதங்களை அரசு அகற்றத் தொடங்கியது. பாடசாலை மாணவர்கள் ஆத்திரத்தில் ஆயுதக் களஞ்சியங்களைத் தாக்கினார்கள். சைகோ அப்போது ஊரில் இல்லை, வேட்டைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர் மாணவர்களைக் கைவிடவில்லை, தடுத்து நிறுத்தவும் இல்லை. அவர்களுக்குத் தலைமை தாங்கிப் போருக்குப் போனார்.

அவர்களிடம் துவக்கும் இருந்தது, பீரங்கியும் இருந்தது. குமமோட்டோ கோட்டையை ஐம்பது நாள் அளவில் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. உள்ளே நின்று காத்தவர்களில் பெரும்பாலானோர் கட்டாய சேவைக்கு எடுக்கப்பட்ட சாதாரண குடிமக்கள்! செப்டம்பர் 24ஆம் திகதி ஷிரோயாமா குன்றில் எஞ்சிய சில நூறு பேர் வாளோடு இறங்கியதற்கு, ரவை தீர்ந்து போனதும் ஒரு காரணம். சைகோ அங்கேயே உயிரிழந்தார். அந்தப் போரில் இரு தரப்பிலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

1889இல் அரசு சைகோவை மன்னித்தது. 1898இல் தோக்கியோவின் உவெனோ பூங்காவில் அவருக்குச் சிலையும் வைக்கப்பட்டது. சாதாரண உடையில், பக்கத்தில் ஒரு நாயோடு நிற்கிறார். அவரோடு போனவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் ககோஷிமா மயானத்தில் கிடக்கிறார்கள். அவர்களில் பதின்ம வயதுப் பிள்ளைகளும் உண்டு.

அந்தப் பிள்ளையிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்ப சேர் தடுத்திருக்கலாமே?" என்றான்.

அவன் சொன்னது சைகோவைத்தான். இருந்தாலும் அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் என்று பட்டது. மாற்றம் வரும்போது அநியாயமும் கூட வரலாம், கோபமும் நியாயமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கோபத்தைப் பிள்ளைகள் எங்கே கொண்டு போகிறார்கள் என்று பார்ப்பது படிப்பித்தவனின் பொறுப்பு. பெற்றோரே, உங்களுடைய பொறுப்பும்தான்.