ஆள் கணக்கு பிறந்த கதை

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டை ஆடுபவர்கள் கூடிப் பேசினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்விக்கு வந்து சேரும்: இப்போது எத்தனை பேர் ஆடுகிறார்கள்? கூட்டம் குறைகிறதா? இருபது ஆண்டு தாண்டிய ஆட்டத்தில் பாதிக் காலத்துக்கும் மேலாக இந்த ஊகமும் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது. வேலையற்றவர்களின் வம்பு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இது பிறந்த விதம் அப்படி.

ஊகத்தின் வேர் இந்த ஆட்டத்துக்கும் மூத்தது. 1997இல் அல்டிமா ஆன்லைன், 1999இல் எவர்க்வெஸ்ட் என்று மாதச் சந்தா கட்டி ஆடும் ஆட்டங்கள் வரத் தொடங்கின. 2002 வாக்கில் புரூஸ் வுட்காக் என்ற அமெரிக்கர், நிறுவனங்களின் அறிவிப்புகளிலிருந்தும் முதலீட்டாளர் அறிக்கைகளிலிருந்தும் சந்தாதாரர் எண்ணிக்கையைத் திரட்டி, ஆட்டத்துக்கு ஒரு கோடாக வரைபடம் போட ஆரம்பித்தார். எந்த ஆட்டம் வளர்கிறது, எது வாடுகிறது என்பதை ஆடுபவர்கள் ஒரே தாளில் பார்த்தது அப்போதுதான்.

2004 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டை வெளியிட்டது. அதற்கு முன் அமெரிக்காவில் பெரிய ஆட்டமாக இருந்த எவர்க்வெஸ்ட் சில லட்சங்களோடு நின்றது. இதுவோ 2005 முடிவதற்குள் 50 லட்சம், 2008 ஜனவரியில் 1 கோடி, 2010 அக்டோபரில் 1.2 கோடி. ஒவ்வொரு மைல்கல்லையும் பிளிசார்டே பெருமையாக அறிவித்தது. இன்று ஆடுபவர்கள் ஆள் கணக்கே கதியாகக் கிடக்கிறார்கள் என்றால், அந்தப் பழக்கத்தை ஊட்டி வளர்த்தது நிறுவனம்தான்.

மைல்கல் அறிவிப்பில் ஏற்றம் மட்டுமே இருக்கும். காலாண்டு அறிக்கையில் இறக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2008இல் பிளிசார்ட் ஆக்டிவிஷன் நிறுவனத்துடன் இணைந்த பிறகு இந்த எண் முதலீட்டாளர்களுக்கான காலாண்டுப் பேச்சில் இடம்பிடித்தது. 2011 மே மாதம் வந்த எண் 1.14 கோடி. அதாவது உச்சத்திலிருந்து 6 லட்சம் குறைவு. இன்றைய ஊகம் பிறந்தது அந்த மாதத்தில்தான் என்று சொல்வேன். அதுவரை ‘எத்தனை பேர்’ என்று மட்டும் கேட்டவர்கள் ‘ஏன் போனார்கள்’ என்று கேட்கத் தொடங்கினார்கள். கேட்டக்ளிசம் விரிவாக்கத்தின் நிலவறைகள் கடினமாகிவிட்டன என்றார்கள் சிலர். முன்பின் தெரியாதவர்களைத் தானாகக் குழுவாக்கும் வசதி வந்து நட்பைக் கெடுத்துவிட்டது என்றார்கள் வேறு சிலர். அவரவருக்குப் பிடிக்காத மாற்றமே அவரவருக்குக் காரணமாகத் தெரிந்தது.

அதே ஆண்டு நவம்பரில் எண் 1.03 கோடிக்கு இறங்கியபோது, சரிவில் பெரும்பங்கு சீனாவிலிருந்து என்று நிறுவனம் சொன்னது. அப்போதுதான் அறிக்கையின் அடிக்குறிப்பைப் பலர் கூர்ந்து படித்தார்கள். சந்தா கட்டியவர், முன்பணக் கார்டு வைத்திருப்பவர், இலவச முதல் மாதத்தில் இருப்பவர் ஆகியோரோடு, இணைய விளையாட்டு மையத்தில் கடந்த 30 நாளில் ஒருமுறை உள்ளே வந்தவரும் சந்தாதாரர்தான். சீனாவில் அப்போது மாதச் சந்தா இல்லை, மணிக்கணக்கில்தான் காசு. ஆக, அங்கே குறைந்த 1 லட்சமும் அமெரிக்காவில் குறைந்த 1 லட்சமும் ஒன்றல்ல.

நிறுவனத்தின் எண் போதாமல் ஆடுபவர்கள் தாங்களே தலை எண்ணவும் இறங்கினார்கள். ஆட்டத்துக்குள் ‘ஹூ’ என்று ஒரு கட்டளை உண்டு. இந்த நேரத்தில் சர்வரில் யார் இருக்கிறார்கள் என்று காட்டும், ஆனால் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 50 பெயர்தான் தரும். அதனால் சென்சஸ்பிளஸ் என்ற ஆட்-ஆன் நிலை, இனம், வகுப்பு என்று கேள்வியைத் துண்டு துண்டாக்கித் திரும்பத் திரும்பக் கேட்டுப் பட்டியல் சேர்த்தது. 2012இல் பல சர்வர்களின் ஆட்களை ஒரே நிலப்பரப்பில் கலக்கும் ஏற்பாடு வந்த பின் கண்ணால் பார்த்துக் கூட்டத்தை மதிப்பிடவும் வழியில்லாமல் போயிற்று.

இத்தனை பாடு எதற்கு? தனியாக ஆடும் ஆட்டமாக இருந்தால் உலகில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பது நமக்கு ஒரு பொருட்டே அல்ல. இங்கே ஆள்தான் ஆட்டம். தொடக்க காலத்து மோல்டன் கோர் என்ற ரெய்டு, அதாவது கூட்டுத் தாக்குதல், 40 பேருக்கென்று வடிவமைக்கப்பட்டது. அதில் குணப்படுத்துபவர் நாலு பேர் வராவிட்டால் மற்ற எல்லோருக்கும் அன்றைய மாலை வீண். வாங்க ஆளில்லாத சர்வரில் ஏலச் சந்தையும் படுத்துவிடும். கில்டு என்ற நிரந்தரக் குழுவின் பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே ‘கடைசியாக வந்தது 3 மாதம் முன்பு’ என்று காணும்போது, போனது ஒரு வாடிக்கையாளர் அல்ல, வாரம் இரண்டு இரவு கூடவே சண்டை போட்ட ஆள். பள்ளி வயதில் சேர்ந்த கில்டில் கல்யாணம் முடிந்தும் நீடித்தவர்கள் உண்டு. சொந்த ஊரில் பூட்டிய வீடுகளை எண்ணுபவரின் கவலைதான் இது. எண் இறங்கும்போதெல்லாம் ‘அடுத்தது நம் கில்டா’ என்ற பயம் ஆடுபவர்களுக்குள் ஓடுகிறது.

2014 நவம்பரில் வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனர் விரிவாக்கத்தோடு எண் மீண்டும் 1 கோடியைத் தாண்டியது. அடுத்த மார்ச் முடிவில் 71 லட்சம், பிறகு 56 லட்சம். ஆளுக்கொரு கோட்டை கொடுத்து, எல்லோரையும் அவரவர் கோட்டைக்குள் தனித்தனியே உட்கார வைத்த விரிவாக்கம் அது. ஆடியவர்கள் சொன்ன காரணங்களில் எனக்கு மிகவும் சரியாகப் படுவது இதுதான். 2015 நவம்பரில் 55 லட்சம் என்று அறிவித்த கையோடு, இனி இந்த எண்ணை வெளியிடப் போவதில்லை என்றது நிறுவனம். தொழிலின் நிலையைக் காட்ட வேறு அளவுகள் பொருத்தமானவை என்பது அதன் விளக்கம்.

எண் நின்றது, ஊகம் நிற்கவில்லை. 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் பிளிசார்ட் அதிகாரி ஒருவர் சந்தாவின் ஏற்ற இறக்கத்தை ஒரு கோட்டுப்படமாகக் காட்டினார். படத்தில் எண் எதுவும் இல்லை. ஆடுபவர்கள் பழைய அறிவிப்புகளை அளவுகோலாக வைத்து, கோட்டின் உயரத்தை அளந்து, ஏறத்தாழ 72 லட்சம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் இந்த ஆட்டத்தின் மாதச் சந்தா தொடக்கத்திலிருந்து 14.99 டாலர். அதை ஆண்டுக்கணக்கில் கட்டிவருபவருக்கு, தன்னோடு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. ஏறியபோது ஊரறியச் சொன்ன எண்ணை, இறங்கினாலும் பிளிசார்ட் மறுபடி சொல்லத் தொடங்க வேண்டும்.