பின்பக்கமிருந்து படியுங்கள்!

கார் வாங்கப் போகிறீர்கள். சாவியைத் தராமல், பெட்டி பெட்டியாக இன்ஜின், சக்கரம், ஸ்டீயரிங், ஒரு மூட்டை நட்டு போல்ட்டு என்று இறக்கிவைத்து, 'நீங்களே மாட்டிக்குங்க சார்' என்கிறார்கள். என்ன செய்வீர்கள்? ஓட்டம் பிடிப்பீர்கள்! இங்கிலாந்தில் சிலர் ஓடவில்லை. சந்தோஷமாக வாங்கிப் போனார்கள்.

1957-ல் வந்த அந்தக் காரின் பெயர் லோட்டஸ் செவன். உருவாக்கியவர் காலின் சாப்மன். கதவு கிடையாது. எடை சுமார் 500 கிலோதான். எடையைக் குறை, வேகம் தானாக வரும் என்பதுதான் சாப்மனின் வேதம்!

சரி, ஏன் பிரித்து விற்க வேண்டும்? வரி! முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் மாட்டிக்கொண்டால் கிடையாது. ஆனால், பொருத்தும் முறையை எழுதித் தரக்கூடாது என்று விதி. சாப்மன் சளைக்கவில்லை. 'பிரிப்பது எப்படி?' என்று எழுதிக் கொடுத்தாராம். கடைசியிலிருந்து படித்தால் கார் ரெடி! லோட்டஸ் ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை இது.

1973-ல் 'வாட்' வந்தது. கொள்முதல் வரியோடு சலுகையும் போயிற்று. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் கார்ஸ் நிறுவனத்தின் கிரஹாம் நியர்ன் கைக்கு வந்தது. இன்றும் அதே சாயலில் கார் விற்கிறது கேட்டர்ஹாம்.

செவனின் பலம் அதன் எளிமை. இரும்புக் குழாய்களில் ஒரு கூடு, மேலே அலுமினியத் தகடு. அதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் 'நாமே செய்தால் என்ன?' என்று கை பரபரத்தது. 1980-களில் வெஸ்ட்ஃபீல்டு நிறுவனம் அச்சு அசலாக ஒன்றைக் கொண்டுவர, கேட்டர்ஹாம் கோபத்தோடு வழக்குப் போட்டது. கடைசியில் சமரசம். 1996-ல் ரான் சாம்பியன் என்பவர், வெறும் 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் செய்யலாம் என்று புத்தகமே எழுதிவிட்டார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்று, வெல்டிங் மெஷின், வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை... போதும்!

இங்கேதான் அரசாங்கத்துக்குத் தலைவலி. பெரிய கம்பெனி என்றால் சில கார்களைச் சுவரில் மோதிக் காட்டி, அந்த மாடல் முழுவதற்கும் அனுமதி வாங்கிவிடும். வாழ்நாளில் ஒரே ஒரு கார் செய்தவர் எதை மோதிக் காட்டுவார்? தடை போட்டால் ஒரு தலைமுறையின் பொழுதுபோக்கே செத்துவிடும். கண்டுகொள்ளாமல் விட்டால், பிரேக் பிடிக்காத கார் தெருவுக்கு வரும்.

1998-ல் ஒரு நடுவழி கண்டார்கள். பெயர் எஸ்.வி.ஏ. ஒரு கார், ஒரு சோதனை! பிரேக், விளக்கு, புகை, சத்தம், சீட் பெல்ட் பொருத்திய இடம் எல்லாவற்றையும் பரிசோதகர் குடைந்து பார்ப்பார். தேறாவிட்டால் குறைகளின் பட்டியல் கையில் வரும். சரிசெய்துவிட்டு மறுபடி போகலாம். 2009-ல் இதுவே 'ஐ.வி.ஏ.' என்று இன்னும் கண்டிப்பானது.

பட்டியலில் பலரைக் கடுப்பேற்றும் ஒரு விதி உண்டு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகள், குறைந்தபட்சம் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது மழுங்கியிருக்க வேண்டும். இதற்காகவே போல்ட்டுகளுக்கு பிளாஸ்டிக் தொப்பி மாட்டுகிறார்கள். மாதக்கணக்கில் ராத்திரி கண்விழித்து உழைத்தவரை இத்துனூண்டு போல்ட்டுக்காகத் திருப்பி அனுப்பினால் எரிச்சல் வராதா? வரும்தான்.

ஆனால், ஸ்டீயரிங் பிடிப்பவரின் ஆசைக்கு ஒரு கார் போதும். தெருவைக் கடக்கும் பாட்டியின் முழங்காலுக்கோ அந்த 2.5 மில்லிமீட்டர் வேண்டும். கார் உங்களுடையதுதான்... ரோடு எல்லோருடையதும் ஆயிற்றே!