முன்பல் உடைந்தால் கொடுங்காயம், மூளை கலங்கினால் சாதாக் காயமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2022 ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் நம் கண்ணமங்கலம் கூட்டு ரோட்டில் நெரிந்துகொண்டிருந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன், இப்போது பட்டு நெசவாளி, தம்பியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பைக்கில் வந்தான். என்னைப் பார்த்ததும் வேகம் குறைத்து, "வணக்கம் சார்" என்றான். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. நானும் சிரித்துக் கையசைத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அரைமணி நேரத்தில் எதிரே வந்த வேன் உரசி இருவரும் விழுந்தார்கள். தம்பிக்கு முன்பல் ஒன்று உடைந்தது. அண்ணனுக்குப் பின்மண்டையில் அடி. எலும்பு முறியவில்லை, ரத்தமும் அதிகமில்லை. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில வாரம் கழித்து அவன் அம்மா காகிதங்களோடு வந்தார். "சார், பல்லு போன சின்னவனுக்குக் கொடுங்காயமாம். தறியில ஒக்காந்தா இழை எண்ண முடியாம தலையைப் புடிச்சிக்கிற பெரியவனுக்குச் சாதாக் காயமாம். இது இன்னா கணக்கு சார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து தேடிப் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

இந்தக் கணக்கு மெக்காலே தலைமையிலான சட்டக் கமிஷன் 1837-ல் தயாரித்த வரைவிலிருந்து தொடங்குகிறது. அதுவே 1860-ல் இந்திய தண்டனைச் சட்டமாகி, 1862-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 320-ஆம் பிரிவு எட்டு வகைக் காயங்களைக் கொடுங்காயம் என்றது. ஆண்மை இழப்பு, ஒரு கண்ணின் பார்வை போவது, ஒரு காதின் கேள்வி போவது, உறுப்போ மூட்டோ இழப்பது, அவற்றின் சக்தி நிரந்தரமாகக் குன்றுவது, தலையோ முகமோ நிரந்தரமாக விகாரமாவது ஆகியவை முதல் ஆறு. ஏழாவது, எலும்போ பல்லோ முறிவது அல்லது இடம் பெயர்வது. எட்டாவது, உயிருக்கு ஆபத்தான காயம், அல்லது 20 நாள் கடும் வலி தருகிற அல்லது 20 நாள் வழக்கமான வேலையைச் செய்ய விடாத காயம்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஜெர்மனியில் டைம்லர் முதல் மோட்டார் சைக்கிளை ஓட்டிக் காட்டியது 1885-ல். அதாவது, பைக் பிறப்பதற்கு 25 வருஷம் முன்பே எழுதிய பட்டியல் இது. அடிதடி, கத்திக்குத்து வழக்குகளில் யாருக்கு எவ்வளவு தண்டனை என்று பிரிப்பதற்காக எழுதியது. அடித்தவன் குற்றத்தின் அளவை அது சொல்லும். அடிபட்டவன் இனி எப்படி வாழ்வான் என்பது அதன் கேள்வி இல்லை. போலீஸ் விபத்துக் கணக்கிலும் இதே பாகுபாடுதான்: மரணம், கொடுங்காயம், சாதாக் காயம், காயமில்லை. பத்திரிகையில் நாம் படிக்கும் "படுகாயம்" இதில் எந்த வகையிலும் சேராது.

தலைக்காயத்தின் தனிக் குணத்தை உலகத்துக்குப் புரிய வைத்தது ஒரு பைக் விபத்துதான். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர் பெற்ற டி.இ. லாரன்ஸ் 1935 மே 13 அன்று இங்கிலாந்தில் சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமலிருக்க பைக்கைத் திருப்பி விழுந்தார். ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலே மே 19 அன்று இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவரை விடவில்லை. பைக்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை எழுதினார். போர் தொடங்கிய 21 மாதத்தில் 2,279 பேர் பைக் ஓட்டியும் பின்னால் உட்கார்ந்தும் இறந்திருந்தார்கள். ஹெல்மெட் அணிந்து அடிபட்ட ஏழு பேரைத்தான் அவர் பார்க்க முடிந்தது. ஏழு பேரும் பிழைத்தார்கள். அந்த வருஷமே பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வர 1973 ஆனது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1961-லேயே கொண்டுவந்துவிட்டது.

இந்தியாவில் நரம்பியல் அறுவைக்கு முதல் துறை தொடங்கிய இடம், நமக்குப் பெருமை, பக்கத்து வேலூர்தான். சி.எம்.சி.யில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த வருஷம் சென்னை ஜி.ஹெச்.சில் டாக்டர் பி. ராமமூர்த்தி. ஆனால் ஹெல்மெட் சட்டம் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவாக வந்த பிறகும், தமிழ்நாட்டில் 2007-ல் ஒருமுறை, உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் மறுமுறை என்று கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது.

மருத்துவர்கள் தங்களுக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொண்டார்கள். 1971-ல் ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண் தரும் அளவுகோல் வந்தது. 1974-ல் சூசன் பேக்கரும் உடனிருந்தவர்களும் அதை வைத்து ஒரு கூட்டுக் கணக்குப் போட்டார்கள். அதிகம் அடிபட்ட மூன்று உடல் பகுதிகளின் மதிப்பெண்ணை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். தலைக்கு 4, மார்புக்கு 3, காலுக்கு 2 என்றால் 16 + 9 + 4 = 29. 15-ஐத் தாண்டினால் பெரும் விபத்துக் காயம். அதே 1974-ல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் நினைவு நிலைக்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். நம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதும் யாரை முதலில் பார்ப்பது என்பதற்காகத்தான். இந்தக் கணக்குகள் உயிர் பிழைப்பதைப் பற்றியவை. இழை எண்ண முடியுமா என்று இவையும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பது நஷ்டஈட்டு நீதிமன்றம். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உடல் ஊனம் எத்தனை சதவீதம் என்பது வேறு, அதனால் அவர் செய்யும் தொழிலில் வருமானம் எவ்வளவு குறையும் என்பது வேறு.

அம்மாவின் கேள்விக்குப் பதில் பழைய பட்டியலிலேயே இருந்தது: எட்டாவது வகை. எலும்பு முறியாவிட்டாலும், 20 நாள் வேலைக்குப் போக முடியாவிட்டால் அது கொடுங்காயம். 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவில் அது 15 நாளாகக் குறைந்திருக்கிறது. ஆனால் விபத்தன்று எழுதும் ஏ.ஆர். காப்பியில் அடுத்த 20 நாள் எப்படித் தெரியும்? நாம்தான் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். இவர்கள் போகவில்லை. "சாதா" என்ற சொல்லை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

ஆகவே, தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, மயக்கம், மறதி, ஓயாத தலைவலி இருந்தால் அன்றே மறுபடி மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவை, ஒரு உச்சவரம்பு வரை, அரசே ஏற்கிறது. ஒவ்வொரு சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வேலைக்குப் போகாத நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இன்னொன்று. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்தவர்கள். பெரும்பாலும் நம் வீட்டு அம்மாக்களும் தங்கைகளும் தம்பிகளும்தான்.

அந்தப் பையன் இப்போது தறிக்குப் போவதில்லை. மாமா கடையில் உட்கார்ந்திருக்கிறான். சில்லறையை அவன் மனைவி எண்ணித் தருகிறாள். என்னைப் பார்த்தால் இன்றும் "வணக்கம் சார்" என்கிறான்.

நான் இப்போது கூட்டு ரோட்டில் டீ குடிக்கும்போது, டேங்க் மேல் ஹெல்மெட்டோடு யார் வந்தாலும் நிறுத்தி, "தலையில போடுப்பா" என்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும். 35 வருஷம் வகுப்பறையில் பார்க்காத முறைப்பா!