புரையேறினால் யாரோ நினைக்கிறார்களா? – கஞ்சிப்பாசிக் கரையிலிருந்து ஒரு வரலாறு

சாப்பிடும்போது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லாத வீடு தூத்துக்குடியில் இருக்காது. தமிழ்நாட்டிலேயே இருக்காது. நினைப்பது யார் என்று யோசித்து முடிப்பதற்குள் இருமல் நின்றுவிடும். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கவளத்துக்குப் போய்விடலாம். ஆனால் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒரு பெரியவருக்குப் புரையேறினால் கதை வேறு. நாம் 'ஏறுகிறது' என்று சொல்லும் அந்தத் தண்ணீர் உண்மையில் இறங்குகிறது... நுரையீரலுக்குள்.

தொண்டையில் இரண்டு குழாய்கள். முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். விழுங்கும் அந்த ஒரு நொடியில் மூச்சு நிற்க வேண்டும், குரல்வளை மேலே எழும்ப வேண்டும், அதன் மேல் மூடி சாய வேண்டும், உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். இத்தனையும் வரிசை தவறாமல் நடந்தால்தான் ஒரு மடக்கு காபி வயிற்றுக்குப் போகும். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், தொண்டைப் புற்றுநோய், சில சமயம் வெறும் முதுமை, இவற்றில் எது வந்தாலும் அந்த வரிசை குலையலாம். பக்கவாதம் வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு முதல் சில நாட்களில் விழுங்குவதில் ஏதாவது ஒரு சிக்கல் இருக்கிறது. உள்ளே போன உணவும் எச்சிலும் நிமோனியாவாக மாறும். வீட்டில் "வாதத்துல படுத்தாரு, சளி கட்டிப் போயிட்டாரு" என்று சொல்லப்படும் மரணங்களில் பலவற்றின் தொடக்கம் ஒரு டம்ளர் தண்ணீராகவும் இருந்திருக்கலாம்.

இதில் இன்னும் பயங்கரமானது, இருமலே வராமல் உள்ளே போவது. தொண்டையின் உணர்ச்சி மரத்துப் போயிருந்தால் தண்ணீர் தவறான வழியில் போனாலும் உடம்பு சத்தம் போடாது. புரையேறாமலேயே புரையேறுகிறது!

சரி, இதற்கும் தூத்துக்குடிக் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

மன்னார் வளைகுடாக் கரையில் கிடைக்கும் கடல்பாசிகளில் ஒன்றுக்கு மீனவர்கள் வைத்த பெயர் 'கஞ்சிப்பாசி'. விஞ்ஞானப் பெயர் கிராசிலேரியா எடுலிஸ். கரையோர மக்கள் இதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள், அதனால்தான் அந்தப் பெயர் போலிருக்கிறது. கூடவே மரிக்கொழுந்துப் பாசி என்று இன்னொன்று. இரண்டிலிருந்தும் கிடைப்பது அகர் அகர். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ நோன்பு துறக்கும் நேரத்தில் பால் சேர்த்துத் தட்டில் வில்லை வில்லையாக வெட்டி வைப்பார்களே, அந்தக் 'கடல்பாசி' இதுதான். இன்று பாசி எடுப்பதில் பெரும்பகுதி ராமநாதபுரம் மாவட்டப் பெண்களின் கையில் இருக்கிறது. விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து பிய்த்தெடுக்கும் வேலை. முத்துக்குளிப்பு என்றால் எல்லோருக்கும் தெரியும், பாசிக்குளிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பாசி நோயாளி உணவாக ஆங்கில மருத்துவப் புத்தகங்களுக்குள் நுழைந்தது. காலரா நோயாளிகளின் ரத்தத்தில் உப்பும் நீரும் குறைந்து போவதைக் கண்டுபிடித்த ஓ'ஷாக்னெஸி பின்னாளில் கல்கத்தாவில் வேலை பார்த்தபோது இதைப் பற்றி எழுதினார். திருவிதாங்கூரில் மருத்துவராக இருந்த எட்வர்ட் ஜான் வேரிங், நம் கடைத்தெருவில் கிடைக்கும் மருந்துச் சரக்குகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். 1860-ல் முதலில் வந்து பலமுறை மறுபதிப்பான அந்த நூலில் 'சிலோன் பாசி' வருகிறது, அதன் தமிழ்ப் பெயர் கடல்பாசி என்ற குறிப்போடு. மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் நடுவே உள்ள கடல் ஏரியில் அள்ளி, பாயில் காயவைத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி வெளுப்பாக்குவார்களாம். அதைத் தண்ணீரில் கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டினால் ஆறியதும் உறையும். பாசியைக் கூட்டினால் கெட்டி, குறைத்தால் கூழ்.

அதாவது, 'தண்ணீரின் கெட்டித்தன்மையை வேண்டிய அளவுக்கு மாற்றுவது' என்ற இன்றைய மருத்துவமனைச் சமையலின் அடிப்படை வித்தை 150 வருடங்களுக்கு முன்பே இந்தக் கடலின் இரு கரைகளிலும் தெரிந்திருந்தது. ஆனால் அன்று அதைக் கொடுத்தது லேசான உணவு, எளிதில் செரிக்கும் என்பதற்காக. யாருக்கு விழுங்க முடிகிறது, யாருக்கு முடியவில்லை என்று பார்த்து அல்ல.

முடியாதவருக்கு என்ன செய்தார்கள்? லண்டனில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் 1790-ல் ஒரு காரியம் செய்தார். தொண்டைத் தசை செயலிழந்த ஒரு நோயாளி, வயது 50. திமிங்கில எலும்பில் செய்த ஒரு வளையும் குச்சி மேல் விலாங்கு மீனின் தோலை உறை போல மாட்டி, வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கி, மறுமுனையில் ஒரு தோல்பையைக் கட்டி, முட்டை, பால், சர்க்கரை கலந்த கரைசலைப் பிழிந்து செலுத்தினார். நோயாளி பிழைத்துக்கொண்டார், விழுங்கும் சக்தியும் திரும்பியது. இன்று மூக்கில் தொங்கும் பிளாஸ்டிக் குழாய்க்கு ஒரு விலாங்கு மீன் மூதாதை!

ஹன்டர் வழி, தொண்டையைச் சுற்றிக்கொண்டு போகும் வழி. தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு எக்ஸ்ரே படம் அசைய வேண்டியிருந்தது. 1970-களில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜெரி லோக்மன் என்ற பேச்சு சிகிச்சை நிபுணர், பேரியம் கலந்த உணவைத் துளித்துளியாகக் கொடுத்து, விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவாகப் பதிவு செய்யும் முறையை வளர்த்தெடுத்தார். 1983-ல் வந்த அவருடைய புத்தகம்தான் இந்தத் துறைக்குப் பாடப்புத்தகம் ஆனது. பேச்சு சிகிச்சை நிபுணருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பேசவும் விழுங்கவும் நாக்கு ஒன்றுதான், தொண்டையும் ஒன்றுதான். மைசூரில் 1965-ல் அமைந்த அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம் போன்ற இடங்களில் படித்துவிட்டு வருபவர்கள் திக்குவாய்க்கு மட்டும் சிகிச்சை செய்பவர்கள் என்று நினைத்தால் தவறு.

எக்ஸ்ரே வீடியோவில் எல்லோரையும் படுக்கவைக்க முடியாது. அதனால் படுக்கை அருகிலேயே செய்யக்கூடிய மலிவான சோதனைகள் வந்தன. 1992-ல் வெளியான ஒன்று மிக எளிது: 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்வது. இருமினாலோ, குடித்தபின் குரல் ஈரமாக, கொழகொழவென்று மாறினாலோ தோல்வி. 2007-ல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த இன்னொரு முறை புத்திசாலித்தனமானது. முதலில் சொந்த எச்சிலை விழுங்கச் சொல்கிறார்கள். அதில் தேறினால் கெட்டியான கூழ், பிறகுதான் தண்ணீர், கடைசியில் ரொட்டி. தண்ணீர் முதலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். (இவற்றை வீட்டில் விளையாட்டாகச் செய்து பார்க்கக் கூடாது. பயிற்சி பெற்ற செவிலியரோ நிபுணரோ பக்கத்தில் இருக்க வேண்டும்.)

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2011-ல் வந்தது. ஒரு பாதி மருத்துவமனைகளில் வழக்கம் போல சிகிச்சை. மறு பாதியில் காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் மூன்றையும் செவிலியர்களே ஒழுங்காகக் கவனிக்கப் பயிற்சி. 90 நாள் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறர் உதவியில்லாமல் வாழ முடியாதவர்களும் சேர்ந்து முதல் வகையில் 58 சதவீதம், இரண்டாம் வகையில் 42 சதவீதம். மூன்றும் சேர்ந்த பலன் இது, விழுங்குதலுக்கு மட்டும் தனியாகப் பங்கு பிரிக்க முடியாது. ஆனாலும் புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. காமர்ஸ் படிப்பவர்கள் இந்த 'முதலீட்டின் மீதான வருமானத்தை' ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

சோதனையில் தோற்றவருக்கு அடுத்தது உணவை மாற்றுவது. அங்கேதான் பெரிய குழப்பம் இருந்தது. ஒரு நாட்டில் 'தேன் பதம்' என்றால் இன்னொரு நாட்டில் வேறு பெயர், வேறு கெட்டி. ஒரே ஊரில் இரண்டு மருத்துவமனைகளிலேயே அளவு வேறுபடும். முத்து வியாபாரிகள் இந்தக் குழப்பத்தை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் நடந்தது 1961-ல்) முத்துக்களைத் தரம் பிரிக்க 10 பித்தளைச் சல்லடைத் தட்டுகள் வைத்திருந்தார்கள். முதல் தட்டில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று போய்க் கடைசித் தட்டில் 1000. எண்ணிக்கை கூடக்கூடத் துளை சிறிதாகும். எந்தத் தட்டில் தங்குகிறதோ அதுதான் முத்தின் வகுப்பு. விற்பவனும் வாங்குபவனும் சண்டை போட வேண்டாம்.

நோயாளி உணவுக்கு அப்படி ஒரு சல்லடை வர 2015 ஆனது. பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 0 முதல் 7 வரை எட்டு நிலைகளை வகுத்தார்கள். சோதிக்கும் கருவி ஒரு 10 மில்லி சிரிஞ்ச். ஊசி இல்லாமல் அதில் திரவத்தை நிரப்பி 10 விநாடி வழியவிட வேண்டும். எல்லாம் ஓடிப்போய் 1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் நிலை 0, அதாவது தண்ணீர். 4 முதல் 8 மில்லி வரை மிஞ்சினால் நிலை 2. சொட்டுக்கூட இறங்காவிட்டால் நிலை 4, கரண்டியில் அள்ளும் பதம். திட உணவுக்கு முள்கரண்டி: அதன் பற்களுக்கு இடையே உள்ள 4 மில்லிமீட்டர் சந்துதான், மசித்த உணவில் பெரியவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட துண்டின் அளவு. அதே பித்தளைத் தட்டுத் தத்துவம்!

இப்போது நம் வீட்டு அடுப்படிக்கு வருவோம். உடம்பு சரியில்லாதவருக்கு நாம் அன்போடு கொடுப்பது என்ன? கஞ்சித் தெளிவு, இளநீர், நீர்மோர், ரசம். எல்லாமே நிலை 0. விழுங்கும் வரிசை குலைந்தவருக்கு மிக வேகமாக ஓடி, மூடி சாய்வதற்குள் மூச்சுக்குழாயைத் தொட்டுவிடும் ரகம். ரசம் சாதம் அதைவிட மோசம். வாயில் சோறும் நீரும் பிரியும், சோற்றை மெல்லும்போதே ரசம் தானாகத் தொண்டைக்கு இறங்கிவிடும். குழைய வடித்து, நன்றாக மசித்து, தண்ணீர் தனியாகப் பிரியாத கெட்டிக் கஞ்சி பலருக்குப் பாதுகாப்பாக இருக்கும். ஆனால் கெட்டியாகக் கொடுத்தால் 'பசை மாதிரி இருக்கே' என்று பார்க்க வருபவர்கள் குறை சொல்வார்கள்.

அப்படியானால் எல்லாத் தண்ணீரையும் கஞ்சிப்பாசி போட்டுக் கெட்டியாக்கிவிடலாமே என்று தோன்றும். அவ்வளவு சுலபமில்லை. அகர் ஜெல்லி நம் ஊர் வெயிலிலும் உருகாது, அது நல்லது. ஆனால் வாயில் மொறுமொறுவென்று உடைந்து துண்டு துண்டாகும், நீரும் கசியும். அதனால் இன்று டப்பாவில் விற்கும் கெட்டியாக்கும் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது மாவுச்சத்து அல்லது சாந்தன் கோந்து. மாவுச்சத்து எச்சில் பட்டால் நீர்த்துப்போகும், கோந்து அப்படி நீர்க்காது. விலை தினக்கூலிக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

அந்தப் பொடியும் சர்வரோக நிவாரணி அல்ல. 2008-ல் அமெரிக்காவில் 515 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கெட்டித் தண்ணீர் குடித்தவர்களுக்கும், முகவாயைத் தாழ்த்திச் சாதாரணத் தண்ணீர் குடித்தவர்களுக்கும் மூன்று மாதத்தில் வந்த நிமோனியாவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கெட்டித் தண்ணீர்க்காரர்களிடம் நீர்ச்சத்துக் குறைவுதான் அதிகம் தெரிந்தது. பிடிக்காததை யார் குடிப்பார்கள்? தாகத்தோடு கிடப்பதும் ஒரு நோய்தான். ஆகவே எல்லோருக்கும் ஒரே பதம் என்பது வேலைக்கு ஆகாது, ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்றும் வழக்கத்தைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்வது சரியல்ல. அது விடைகொடுக்கும் சடங்கு. பிழைக்கக்கூடியவருக்கு அதே கையால், படுத்த நிலையிலேயே, "ஒரு வாய் குடிங்க" என்று ஊற்றுவதுதான் பிரச்னை.

தூத்துக்குடியில் 2000 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியாளரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். அப்படி வருபவரிடம் கால் வீக்கத்தைச் சொல்வதோடு, "சாப்பிடும்போது இருமுறாரு, குடிச்சா குரல் மாறுது, ஒரு தோசைக்கு முக்கால் மணி நேரம் ஆகுது" என்பதையும் சொல்லலாம். நிமிர்த்தி உட்காரவைப்பது, சிறிய கரண்டி, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய், சாப்பிட்டதும் உடனே படுக்கவைக்காமல் இருப்பது, இதற்கெல்லாம் டப்பா வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்றுக்கும் டப்பா வேண்டாம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பவர்கள் பல் தேய்த்துவிட்ட முதியவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, அப்படித் தேய்த்துவிடாதவர்களில் 19 சதவீதம். தூக்கத்தில் எச்சில் உள்ளே இறங்குவதை யாராலும் முழுசாகத் தடுக்க முடியாது. அந்த எச்சில் சுத்தமாக இருந்தால் நுரையீரல் சமாளித்துக்கொள்கிறது.