சஃபோக் கப்பலின் எலுமிச்சைச் சாறு: ஈறுக்கும் வாய்மணத்துக்கும் உட்கொள்ளும் மருந்துகளின் வரலாறு

ஈறு வலுக்கவும் வாய் மணக்கவும் அன்றாடம் ஏதேனும் ஒன்றை உட்கொள்ளும் வழக்கம் சென்னைக்குப் புதிதன்று. மயிலாப்பூர் கச்சேரி சாலையின் நாட்டு மருந்துக் கடைகளில் நெல்லிமுள்ளி, கிராம்பு, ஏலம், திரிபலா சூரணம் ஆகியவற்றைப் பொட்டலம் கட்டி வாங்கிச் செல்வோரை இன்றும் காணலாம். தியாகராய நகர், அடையாறு மருந்துக்கடைகளில் அதே தேவைக்கு வைட்டமின் சி மாத்திரையும், வாயில் அடக்கிக் கரைக்கும் புது வகை வில்லைகளும் கிடைக்கின்றன. உருவம் மாறினாலும் நம்பிக்கை ஒன்றுதான்: உள்ளே கொடுப்பது ஈறைக் காக்கும் என்பது. இந்த நம்பிக்கை எந்த அளவுக்கு உண்மை என்பதற்கான முதல் பெரிய சான்றுகளில் ஒன்று, 1794ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சென்னைக் கடலில் நங்கூரமிட்ட ஒரு போர்க்கப்பலிலிருந்து கிடைத்தது.

சென்னை வந்த கப்பல்

அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. புனித ஜார்ஜ் கோட்டைக்கு எதிரே திறந்த கடலில் கப்பல்கள் நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். அப்படி வந்து நின்ற கப்பல்களில் ஒன்று 74 பீரங்கிகள் கொண்ட ‘சஃபோக்’. அதன் தலைவர் பீட்டர் ரெய்னியர். மறு ஆண்டில் திருகோணமலையை டச்சுக்காரரிடமிருந்து பிரிட்டிஷார் கைப்பற்றியபோது கடற்படையை நடத்தியவரும் இவரே.

இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட சஃபோக் 23 வாரமும் ஒரு நாளும் எந்தக் கரையையும் தொடவில்லை. புதிய காய்கறி, பழம் எதுவும் ஏற்றவில்லை. அந்நாளில் இத்தகைய பயணம் பாதிப் பேரின் மரணத்தில் முடிந்தாலும் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். காரணம் ஸ்கர்வி நோய். முதலில் களைப்பு, பிறகு ஈறுகள் வீங்கிக் கறுத்து, தொட்டால் ரத்தம் கசியும், வாய் நாறும், பற்கள் ஆடி விழும், பழைய காயங்கள் மீண்டும் திறந்துகொள்ளும், இறுதியில் சாவு. 1740இல் ஆன்சன் என்ற தளபதி உலகைச் சுற்றப் புறப்பட்டபோது உடன் சென்றோரில் பெரும்பாலோர் திரும்பவில்லை. போரில் இறந்தவர்களைவிட இந்த நோயில் இறந்தவர்களே அதிகம்.

சஃபோக் கப்பலில் ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஓர் அவுன்சில் மூன்றில் இரண்டு பங்கு எலுமிச்சைச் சாறு, இரண்டு அவுன்சு சர்க்கரையோடு, தண்ணீர் கலந்த சாராயத்தில் ஊற்றிக் கொடுக்கப்பட்டது. சாறு சுமார் 19 மில்லி. நம் வீட்டில் மருந்து கொடுக்கும் சிறு சங்கு அளவு என்று வைத்துக்கொள்ளலாம். சென்னை வந்து சேர்ந்தபோது ஒருவர்கூட இறந்திருக்கவில்லை. வழியில் 15 பேருக்கு ஸ்கர்வி தலைகாட்டியது. அவர்களுக்குச் சாற்றின் அளவைக் கூட்டியதும் குணமானார்கள். மருத்துவர் கில்பர்ட் பிளேன் இந்த முடிவை எடுத்துக்காட்டி வாதாடினார். 1795இல் பிரிட்டிஷ் கடற்படைக்கு எலுமிச்சைச் சாறு முறையான பங்கீடாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

எலுமிச்சையின் குணம் அதற்கு முன்பே தெரியாததல்ல. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகை மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் எழுந்தனர். ஆனால் அவர் சோதித்தது நோய் வந்த பின் குணமாக்குவதை. நோயே வராமல் நாள்தோறும் சிறிது கொடுத்துத் தடுக்கலாம் என்று ஒரு முழுக் கப்பலைக் கொண்டு காட்டியது சஃபோக்கின் பயணம்தான். லிண்டின் பெயர் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. கப்பல் வந்து சேர்ந்த ஊரில் இருக்கும் நமக்கு அந்தக் கப்பலின் பெயர் தெரியாமல் போனது வியப்புதான்.

ஏன் 15 பேருக்கு மட்டும் நோய் வந்தது? இதற்கு விடை கிடைக்க 150 ஆண்டுகள் ஆயின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், போருக்குச் செல்ல மறுத்த தன்னார்வலர்கள் வைட்டமின் சி இல்லாத உணவை மாதக்கணக்கில் உண்டு சோதனைக்கு உட்பட்டனர். நாளுக்கு 10 மில்லிகிராம் வைட்டமின் சி இருந்தாலே ஸ்கர்வி வராது என்று அதில் தெரியவந்தது. சஃபோக்கில் கொடுத்த சாற்றில், அது புதிதாக இருந்திருந்தால்கூட, ஏறத்தாழ அந்த அளவுதான் இருந்திருக்கும். அதாவது அந்தக் கப்பல் சென்னை வந்தது மயிரிழையில்.

ஈறு ஏன் முதலில் கெடுகிறது? உடலின் திசுக்களைக் கட்டி நிறுத்தும் கொலாஜன் என்ற புரதத்தை உறுதியாக்க வைட்டமின் சி வேண்டும். சுவர் எழுப்பும்போது செங்கல்லுக்குச் சாந்து போல. ஈறில் இந்தப் புரதம் வேகமாக அழிந்து வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால், சாந்து தீர்ந்ததும் முதலில் உதிரும் சுவர் அதுதான்.

நெல்லிக்காயும் குன்னூரும்

எலுமிச்சையைக் கப்பல் ஏற்றியவர்கள் காணாத ஒன்று நம் நாட்டில் இருந்தது. அதியமான் ஔவைக்குக் கொடுத்ததாகச் சங்க இலக்கியம் சொல்லும் கனி நெல்லி. அது நீண்ட ஆயுள் தரும் என்ற நம்பிக்கை அவ்வளவு பழையது. அதன் சத்தை அளந்து எண்ணாக எழுதியவர்கள் நீலகிரி மாவட்டம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தினர். ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுப் பணி அங்கே வளர்ந்தது. அவருக்குப் பின் இயக்குநரான வாலஸ் அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து வெளியிட்டார். நம் பாடநூல்களின் உணவு அட்டவணைகளுக்கெல்லாம் தாய் அந்தச் சிறு நூல். இந்த ஆய்வுக்கூடமே பின்னர் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்குகிறது.

நெல்லியின் பயன் வடக்கே சோதனைக்கு உள்ளானது. இன்றைய ஹரியாணாவிலுள்ள ஹிசாரில் 1939-40இல் பஞ்சம் வந்தபோது மக்களிடையே ஸ்கர்வி பரவியது. நெல்லிக்காய் அதற்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டது. 1944இல் எம். சீனிவாசன் ‘நேச்சர்’ இதழில் நெல்லியை வைட்டமின் சி தரும் கனியாக எடுத்துக்காட்டிக் குறிப்பு எழுதினார்.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். பழைய அட்டவணைகளில் 100 கிராம் நெல்லிக்காயில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று இருக்கும். 2017இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது சுமார் 250 மில்லிகிராம்தான். பழைய அளவை முறை நெல்லியின் துவர்ப்புப் பொருள்களையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதினர். குறைந்தாலும் போதாமை இல்லை. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. பெரிய நெல்லிக்காய் ஒன்றோ, கொய்யாவில் பாதியோ போதும்.

ஒரு வரிப் பாடத்தின் விளைவு

‘வைட்டமின் சி குறைவு - ஸ்கர்வி - ஈறுகளில் ரத்தம் கசிதல்.’ பொருத்துக பகுதியில் இந்த வரியை எத்தனை ஆண்டுகள் நடத்தினேன் என்று எனக்கே கணக்கில்லை. இதைத் தலைகீழாகப் படித்தால் ஈறில் ரத்தம் வந்தால் வைட்டமின் சி குறைவு என்றாகிவிடும் என்பதை வகுப்பில் நான் சொன்னதில்லை. என் ஈறில் ரத்தம் கசிந்தபோது நானும் தலைகீழாகத்தான் படித்தேன். பல மாதங்கள் மாத்திரை சப்பிய பிறகு பல் மருத்துவரிடம் போனேன். அவர் செய்ததெல்லாம் பல்லின் அடியில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்ததுதான்.

இந்த உண்மையை 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹெரால்டு லோ என்ற பல் மருத்துவப் பேராசிரியர் எளிய சோதனையில் காட்டினார். ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. உணவும் சத்தும் அப்படியே இருந்தன. மாறியது பல்லோரத்தில் படியும் நுண்ணுயிர்ப் படலம் மட்டுமே.

இதே லோவின் அடுத்த ஆய்வு தமிழ் வாசகர் அறிய வேண்டியது. பல் துலக்கும் வழக்கமும் பல் மருத்துவமும் எட்டாத மக்களிடம் ஈறு நோய் எப்படி வளர்கிறது என்று பார்க்க, 1970இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தனர். 480 ஆண் தொழிலாளர்களை 15 ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சோதித்தனர். மலையகத் தோட்டங்களில் உழைப்போரில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள். 1986இல் வெளியான முடிவு: எல்லாருக்கும் ஈறு அழற்சி இருந்தும், 11 விழுக்காட்டினருக்கு அது அதற்கு மேல் போகவில்லை, 81 விழுக்காட்டினருக்கு மெல்ல மெல்லப் பற்பிடிப்பு தளர்ந்தது, 8 விழுக்காட்டினருக்கு வேகமாகத் தளர்ந்து பற்கள் உதிர்ந்தன. ஈறு நோய் எல்லாரிடமும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பது இன்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடம். அந்தப் பாடத்துக்கு வாய் திறந்து காட்டியவர்களின் பற்கள் காக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதியாகச் சொல்லும் பழமொழி இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. மாணவர்கள் பலர் ‘வேல்’ என்பதை வேம்பு என்று எழுதுவார்கள், அது வேலமரம். குச்சி எதுவானாலும் அது பல்லைத் தேய்க்கும் கருவி, விழுங்கும் மருந்தல்ல. நம் முன்னோர் ஈறுக்கு வெளியிலிருந்து செய்ததை, நாம் உள்ளிருந்து செய்யப் பார்க்கிறோம்.

வாய் மணக்க

வாய்மணத்தின் கதை வேறு வழியில் போகிறது. பழந்தமிழகத்தில் தக்கோலம், தீம்பூ, இலவங்கம், கற்பூரம், சாதிக்காய் ஐந்தையும் பஞ்சவாசம் என்றனர். வெற்றிலையோடு சேர்த்து வாயிலிட்டு மெல்லும் மணப்பொருள்கள் இவை. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் செல்லுமுன் உண்ட கடைசி உணவுக்குப் பின் கண்ணகி கொடுப்பதும் வெற்றிலைபாக்குதான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் நகர மக்கள் ஓர் இலையைக் கற்பூரமும் வாசனைப் பொருள்களும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்வதை எழுதி வைத்தார்.

மணம் உண்மை. ஆனால் பின்னர் புகையிலையும் இதனுடன் சேர்ந்தது. அதன் விலையை அறிய அடையாறுக்குப் போக வேண்டும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு அங்கே புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். அவர்கள் முன் வந்து நின்ற நோய்களில் முக்கியமானது வாய்ப் புற்றுநோய். கன்னத்தின் உட்பக்கம், வெற்றிலைச் சுருளை அடக்கி வைக்கும் அதே இடத்தில் புண் வரும். குற்றம் புகையிலையோடு நின்றுவிடவில்லை. 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட நூல், புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் தருவதே என்றும், பாக்கே புற்றுநோய்க் காரணி என்றும் அறிவித்தது. வாயைத் திறக்கவே விடாமல் கன்னத்தை இறுக்கிவிடும் நார்மிகு நோயும் பாக்கால் வருவது. பாண்டி பஜாரில் இரவு உணவுக்குப் பின் ‘வெறும் ஸ்வீட் பீடாதானே’ என்று பிள்ளைகளுக்கும் வாங்கித் தருவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஏலக்காயோ கிராம்போ தனியே மென்றால் இந்தத் தீங்கு இல்லை. அதன் மணம் சற்று நேரம் நாற்றத்தை மூடும், அவ்வளவுதான்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது? வயிற்றிலிருந்து என்று வீடுகளில் சொல்வார்கள். கனடாவின் ஜோசப் டோன்செடிச் 1960கள், 70களில் செய்த ஆய்வுகள், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைக்கும்போது எழும் கந்தக வாயுக்களே பெரும்பாலும் காரணம் என்று காட்டின. அவை அதிகம் உண்டாகும் இடங்கள் நாக்கின் பின்பகுதியும் ஈறு இடுக்குகளும். காலையில் நாக்கு வழிக்கும் நம் வீட்டுப் பழக்கம் சரியான இடத்தைத்தான் தொடுகிறது. ஈறு ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று மோசமாக்கும்.

இப்போது அடையாறு கடைகளில் விற்கும் நன்மை தரும் நுண்ணுயிர் வில்லைகளில் சிலவற்றில் உள்ளது, நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டாக் கண்டெடுத்த கே12 என்ற பாக்டீரியா வகை. வாய்நாற்றம் உள்ள 23 பேரிடம் செய்யப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், இந்த வில்லையை எடுத்தவர்களில் 85 விழுக்காட்டினருக்குக் கந்தக வாயு நன்கு குறைந்தது. மருந்தில்லா வில்லை எடுத்தவர்களில் 30 விழுக்காட்டினருக்கே குறைந்தது. கடைகளின் விளம்பரத் தாளில் பெரிதாக அச்சிடப்படுவது இந்த 85தான். ஆனால் ஆய்வில் இரு சாராருமே வில்லையைத் தொடுமுன் குளோரெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி நீரால் வாயைக் கொப்பளித்துச் சுத்தம் செய்துகொண்டனர்.