ஹெய்கே: நண்டின் முதுகேறிய குடிப்பெயர்

ஒரே எழுத்துக்கு ஜப்பானியர் பெரும்பாலும் இரண்டு வகை ஒலிப்பு வைத்திருப்பார்கள்: ஒன்று நாட்டு வழக்கு, மற்றொன்று சீனத்திலிருந்து வந்தது. சமம், அமைதி என்று பொருள்படும் ஓர் எழுத்தை நாட்டு வழக்கில் ‘தைரா’ என்றும் சீன வழியில் ‘ஹெய்’ என்றும் படிப்பார்கள். ‘கே’ என்றால் வீடு. தைரா வீட்டாரே ஹெய்கே.

ஜப்பானிய அரச குடும்பத்துக்குக் குடிப்பெயர் கிடையாது. ஒருவருக்குக் குடிப்பெயர் சூட்டினால், இனி அவர் அரசகுலத்தார் அல்லர் என்று பொருள். பேரரசர் கன்முவின் வழிவந்தோர் சிலர் அப்படி வெளியேறியபோது பெற்றதே தைரா. கன்மு 794இல் தலைநகராக்கிய ஹெய்அன்கியோவின் (இன்றைய கியோட்டோ) முதலெழுத்தும் இதேதான். ஊர்ப்பெயரிலிருந்தே குடிப்பெயர் வந்தது என்ற கருத்து எனக்கு ஏற்புடையது.

தைரா பல கிளைகளாகப் பரவியது. ஹெய்கே என்ற சொல்லோ சுருங்கி, பெரும்பாலும் கியோமோரியின் வீட்டையே சுட்டலாயிற்று. 1167இல் அவர் தலைமை அமைச்சர். 1180இல் அவருடைய மகள் வயிற்றுப் பேரன் அன்தோக்கு பேரரசர். 1185இல் தன்னோஊராக் கடற்போரில் மினமோதோ குடியிடம் எல்லாம் போயிற்று. கியோமோரியின் மனைவி தோகிகோ சிறுவன் அன்தோக்குவை அணைத்தபடி கடலில் குதித்ததாக ‘ஹெய்கே மோனோகதாரி’ என்னும் போர்க்கதை சொல்கிறது.

அதன்பின் பெயர் பிற உயிர்களின் மேல் ஏறியது. சினந்த மனித முகம்போல ஓடுள்ள நண்டு ‘ஹெய்கேகானி’. அது அந்தப் போரில் மாண்ட வீரர்களின் ஆவி என்பது மக்கள் நம்பிக்கை. முகம் தெரிந்த நண்டுகளை மீனவர் திரும்பக் கடலில் விட்டதால்தான் அந்த உரு கூர்மையடைந்தது என்ற விளக்கத்தை வானியலாளர் கார்ல் சேகன் தொலைக்காட்சியில் சொல்லிப் புகழ்பெறச் செய்தார். அழகான விளக்கம், நிற்காது. ஓடு ஏறக்குறைய 3 செ.மீ.தான், உணவுக்கு யாரும் பிடிப்பதில்லை. முகமாகத் தெரியும் மேடுபள்ளங்கள் தசைகள் பற்றும் இடங்கள். மின்மினியிலும் பெரியது கென்ஜி, சிறியது ஹெய்கே. ‘கென்’ என்பது மினமோதோவின் சீன ஒலிப்பு. ஒரே மரத்தில் சிவப்பும் வெள்ளையும் பூத்தால் ‘கென்’னும் ‘ஹெய்’யும் சேர்ந்த ‘கென்பெய்’: சிவப்பு ஹெய்கேயின் கொடி, வெள்ளை மினமோதோவின் கொடி.

தன்னோஊராவில் தைரா குலமே பூண்டோடு அழிந்தது என்று எழுதுவது பிழை. வென்ற மினமோதோ தலைவர் யோரிதோமோவின் மாமனார் ஹோஜோ தோகிமாசா தைரா வழியினர் என்று உரிமை கோரியவர். 1219இல் ஷோகன் (படையாட்சித் தலைவர்) சனேதோமோ கொலையுண்டதும் மினமோதோ ஷோகன் வரிசை அற்றது. 1333 வரை ஷோகன்களின் தலைமையிடமான காமாகுராவில் உண்மையான அதிகாரம் ஹோஜோக்களின் கையில் இருந்தது.