பழைய கணினிக்கு ஒரு புது விதை: எடை குறைந்த லினக்ஸின் கதை



காமர்ஸ் படிக்கிறவனுக்கு இயங்குதளத்தோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். நமக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு அல்லவா? வருமான வரிக் கணக்கில் கணினிக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம். 100 ரூபாய்க்கு வாங்கிய கணினி மூன்றாம் ஆண்டு முடிவில் ஏட்டில் 21 ரூபாய் 60 காசு. ஐந்தாம் ஆண்டு முடிவில் 8 ரூபாய்கூட இல்லை. ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே எதுவும் தேய்ந்திருக்காது. விசைப்பலகை நன்றாக இருக்கும், திரை நன்றாக இருக்கும், செயலி முதல் நாள் ஓடிய அதே வேகத்தில்தான் ஓடும். பிறகு ஏன் கணினி "பழசாகிவிட்டது" என்கிறோம்? அதன் ஆயுளை முடிவு செய்வது யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் ஒரு சுவையான வரலாறு கிடைக்கிறது. அதைத்தான் இன்று எழுதப்போகிறேன்.

களமும் பத்தாயமும்

முதலில் கணினி ஏன் மெதுவாகிறது என்று பார்த்துவிடுவோம். நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ராம் நினைவகம் என்பது கதிரடிக்கும் களம். வன்தட்டு என்பது வீட்டுப் பத்தாயம். வேலை எல்லாம் களத்தில்தான் நடக்கும். களம் நிறைந்துவிட்டால்? கொஞ்சம் நெல்லை அள்ளிக்கொண்டு போய்ப் பத்தாயத்தில் கொட்ட வேண்டும், தேவைப்படும்போது திரும்ப அள்ளி வர வேண்டும். ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், அடிப்பு நடக்காது. பழைய கணினியில் ஒரு கோப்பைத் திறந்துவிட்டு டீ குடித்து வருகிறோமே, அப்போது உள்ளே நடப்பது இந்த நடைதான்.

களம் சின்னதாகவில்லை. அதில் கொட்டப்படும் மென்பொருள்தான் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிக்கொண்டே போகிறது. எடை குறைந்த இயங்குதளம் செய்வது ஒன்றே ஒன்று: களத்தைக் காலியாக வைக்கிறது. பளபளப்பான முழு மேசைத்தளத்துக்குப் பதிலாக ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஐஸ்டபிள்யூஎம் போன்ற சின்னச் சாளர மேலாளர்கள் இருக்கும். பின்னணியில் நாம் கேட்காமலே ஓடும் சேவைகள் மிகக் குறைவு. அவ்வளவுதான் சூத்திரம்.

50 எம்பியில் ஒரு இயங்குதளம்

2000களின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாவுஸ் நாப்பர் என்பவர் நாப்பிக்ஸ் என்ற லினக்ஸை வெளியிட்டார். வன்தட்டில் எதையும் நிறுவாமல் சிடியிலிருந்தே நேரடியாக ஓடும். அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஜான் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் ஒரு விளையாட்டில் இறங்கினார். விசிட்டிங் கார்டு அளவில் ஒரு குட்டி சிடி வரும், அதில் 50 எம்பிதான் கொள்ளும். அந்த 50 எம்பிக்குள் ஒரு முழு இயங்குதளத்தை அடக்க முடியுமா? முடிந்தது. உலாவி, மின்னஞ்சல், எழுத்துச் செயலி எல்லாம் சேர்த்து அடக்கினார். பெயர் டேம் ஸ்மால் லினக்ஸ். 16 எம்பி ராம் உள்ள 486 கணினியில்கூட அது ஓடியது. ஆமாம், 16 ஜிபி இல்லை, 16 எம்பி!

அதே காலத்தில், 2003ல், ஆஸ்திரேலியாவில் பேரி காலர் என்பவர் பப்பி லினக்ஸைத் தொடங்கினார். அவர் வளர்த்த நாயின் நினைவாக வைத்த பெயர். முழு இயங்குதளமும் ராமிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

டேம் ஸ்மால் லினக்ஸின் கடைசி நிலையான பதிப்பு 2008ல் வந்தது. அதன் முக்கிய நிரலாளராக இருந்த ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் பிரிந்து போய் டைனி கோர் லினக்ஸ் என்ற, இன்னும் சின்னதான ஒன்றைச் செய்தார். அதன் பிறகு டேம் ஸ்மால் அடங்கிவிட்டது. எல்லோரும் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

2024 தொடக்கத்தில் ஆண்ட்ரூஸ் திரும்பி வந்தார். டிஎஸ்எல் 2024 என்ற புதிய பதிப்பின் சோதனை வடிவத்தை வெளியிட்டார். இந்த முறை அளவு 50 எம்பி இல்லை. ஒரு சாதாரண சிடியில் கொள்ளும் 700 எம்பி. பதினான்கு மடங்கு! "டேம் ஸ்மால்" என்று பெயர் வைத்தவரே இவ்வளவு ஏற்ற வேண்டியிருந்தது. காரணம் அவர் அல்ல. இன்றைய இணையதளங்களைத் திறக்கும் ஓர் உலாவி மட்டுமே பழைய 50 எம்பியைத் தாண்டிவிடும். சின்னதாக இருப்பதன் அர்த்தமே பதினாறு ஆண்டுகளில் மாறிவிட்டது.

ஒரே விதை நெல்

இந்தப் புதிய டிஎஸ்எல்லை அவர் தனியாக அடியிலிருந்து எழுதவில்லை. 2023ல் வந்த ஆன்டிஎக்ஸ் 23 என்ற எடை குறைந்த லினக்ஸை எடுத்துக்கொண்டு, அதைக் குறைத்துச் செதுக்கினார். ஆன்டிஎக்ஸ் கிரேக்க நாட்டில் பிறந்தது. அதன் அடிப்படை டெபியன். பழைய நாப்பிக்ஸின் அடிப்படையும் டெபியன்தான். 1993ல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் ஒரு விதை நெல் மூட்டை மாதிரி. அதிலிருந்து முளைத்த இயங்குதளங்களுக்குக் கணக்கே இல்லை.

விதை நெல் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் வேளாங்கண்ணியிலிருந்து தென்மேற்கே போனால் திருத்துறைப்பூண்டி. அங்கே நெல் ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். மாப்பிள்ளைச் சம்பா மாதிரிப் பாரம்பரிய நெல் ரகங்களை விவசாயிகளுக்கு 2 கிலோ இலவசமாகக் கொடுப்பார்கள். நிபந்தனை ஒன்றுதான்: அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அது இன்னும் இரண்டு பேருக்குப் போகும். அவர் 2018 டிசம்பரில் மறைந்தார், அவர் பரப்பிய விதைகள் இன்றும் வயலில் நிற்கின்றன.

லினக்ஸ் 1992ல் ஏற்றுக்கொண்ட ஜிபிஎல் உரிமமும் கிட்டத்தட்ட இதே ஒப்பந்தம்தான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆனால் மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும். பதினாறு ஆண்டு தூங்கிய ஒரு இயங்குதளம் எழுந்து வர முடிந்ததற்குக் காரணம் இந்த விதி. வேறு யாரோ வளர்த்து வைத்த விதை அதற்காகக் காத்திருந்தது.

நம் வீட்டுக்கே வந்த லினக்ஸ்

அதே டெபியன் விதை நம் ஊருக்கும் வந்தது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியனை எடுத்து, இந்திய மொழி வசதிகளைச் சேர்த்து, 2007ல் பாஸ் லினக்ஸ் என்று வெளியிட்டது. அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அப்போது அதன் நிர்வாக இயக்குநர் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பக்கத்து மாவட்டமான திருவாரூரில் ஆட்சியராக இருந்தபோது அலுவலகங்களைக் கணினிமயமாக்கியதற்காகப் பேசப்பட்டவர். நம் அண்ணன்கள், அக்காக்கள் பிளஸ் டூவில் படித்த கணினி அறிவியல் புத்தகத்திலும் அன்று ஸ்டார் ஆபீஸ்தான் பாடம்.

பிறகு 2011 செப்டம்பர் 15ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டு இலக்கு மட்டும் 9.12 லட்சம். அந்த மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். யோசித்துப் பாருங்கள். உலகத்தில் எத்தனை இடங்களில் இத்தனை லட்சம் பள்ளிப் பிள்ளைகள் கையில் ஒரே நேரத்தில் லினக்ஸ் போய்ச் சேர்ந்திருக்கும்?

ஆனால் திறந்தவர்கள் எத்தனை பேர்? நான் கேட்டுப் பார்த்த வரையில், கணினி தொடங்கும்போது வரும் அந்த இரண்டாவது வரியை யாரும் தொட்டதே இல்லை. "அது என்னமோ அரசாங்கத்தோடது" என்றுதான் பதில் வந்தது. பாஸ் மோசமான இயங்குதளம் என்பதால் அல்ல. சொல்லித்தர ஆள் இல்லை. பிரவுசிங் சென்டரில் அது இல்லை, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இல்லை, வேலைக்குப் போகும் இடத்தில் இல்லை. நமக்கு வேண்டிய டேலியும் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் 2000களின் நடுவிலேயே உயர்நிலைப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பிறகு பாடம், பிறகு அதிலேயே தேர்வு. தேர்வு வந்தால் பிள்ளைகள் படித்துத்தானே ஆக வேண்டும்! நாம் விதையைக் கொடுத்தோம். அவர்கள் விதைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள்.

மறுபடியும் அதே கேள்வி

2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தவர்களுக்கு மட்டும் சிறிது அவகாசம். விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு எல்லாம் வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் ஏட்டில் பூஜ்யமாகிவிட்டன. எங்கள் ஊரில் கடைகளிலும் லாட்ஜ்களின் வரவேற்பு மேசைகளிலும் பழைய கணினிகளுக்குக் குறைவில்லை. கடல் காற்றின் உப்பு அவற்றை அரித்து முடிக்கும் முன்பே மென்பொருள் முடித்துவிடும் போலிருக்கிறது.

எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. அக்கா பள்ளியில் படித்தபோது 2013ல் கிடைத்த மடிக்கணினி, 2 ஜிபி ராம். பழுது பார்க்கிறவர் "இது இனிமே ஆகாது தம்பி, புதுசு வாங்கிக்கங்க" என்றார். ஒரு பென் டிரைவில் ஆன்டிஎக்ஸை ஏற்றி, முதலில் நிறுவாமலே ஓட்டிப் பார்த்தேன். பிறகு நிறுவினேன். லிப்ரே ஆபீஸில் கணக்குத் தாள் போடலாம், பாடக் குறிப்பு எழுதலாம், உலாவியில் மூன்று நான்கு பக்கம் திறக்கலாம். தமிழ்த் தட்டச்சுக்குத் தனியாக அமைப்பு செய்ய ஒரு மாலை ஆனது. டேலி ஓடவில்லை, இரட்டைப் பதிவு பழக ஜிஎன்யூகாத்தா என்ற நம் நாட்டுக் கட்டற்ற மென்பொருள் இருக்கிறது, ஆனால் வேலைக்கு டேலிதான் கேட்பார்கள் என்பதும் உண்மை. புதுக் கணினியின் வேகம் வராது. ஆனாலும் என் செமஸ்டர் ஒப்படைப்புகள் இப்போது அதில்தான் தயாராகின்றன. செலவு: வீட்டில் இருந்த பென் டிரைவ்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த விதைக்கும் எல்லை உண்டு. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13, 32 பிட் பழைய கணினிகளுக்கான நிறுவியை நிறுத்திவிட்டது. காரணம், பராமரிக்க ஆள் குறைவு. லாபத்துக்காக அல்ல, ஆள் இல்லாததால் முடிகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது: ஆள் வந்தால் திரும்பத் தொடங்கலாம். ஆண்ட்ரூஸ் செய்து காட்டியது அதைத்தானே?

தமிழில் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். 2012 முதல் கணியம் இதழ் லினக்ஸைத் தமிழிலேயே எழுதி வந்திருக்கிறது. விழுப்புரத்தில் ஒரு குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறது. டெல்டாவில் இப்படி ஒரு குழு நம் கல்லூரிப் பக்கம் உருவானால் நன்றாக இருக்கும்.

அதுவரை ஒரு சின்ன யோசனை. உங்கள் வீட்டுப் பரணில் அண்ணனுடையதோ அக்காவுடையதோ ஒரு மடிக்கணினி தூங்கிக்கொண்டிருக்கலாம். பழைய இரும்புக்குப் போடும் முன் ஒருமுறை எடுத்து வாருங்கள். முக்கியமான கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது. ஒருவருக்குப் போட்டுக் கொடுத்தால் அவர் இரண்டு பேருக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். திருத்துறைப்பூண்டிக் கணக்கு அதுதான்.